இருநூற்றுப் பன்னிரண்டாவது மரம்

“லெட்டரப் போட்டியா?” என்று எவலின் கேட்டபோது, புவனேசனின் ‘கஞ்சில்’ என்ற குட்டிக் கார் மெர்போக் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தது.

“மறந்துட்டேன்கா.”

“மூணு வாரமா?”

“நேத்து போஸ்ட் ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டேன்லா. பக்கத்துல ரொட்டி சானாய் கடை. அப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியல.”

பினாங்கில் ஒரு செக்யூரிட்டி கம்பெனி அவனை சூப்பர்வைசராகக் கூப்பிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கையெழுத்தும் போட்டாகிவிட்டது. உறை மட்டும் பின் சீட்டில், இடது ஜன்னலோரமாக, ஓசிச் சவாரி செய்துகொண்டிருந்தது.

எவலின் சிரித்தாள். அந்தச் சிரிப்பு புவனேசனுக்குப் பிடிக்காது. பதினெட்டு வருஷம் மனநலக் கிளினிக்கில் நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் பெடோங்கில் ஒரு கைப்பேசிக் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் அவள். மனிதர்கள் வாயால் சொல்வதைவிடக் கையால், காலால் சொல்வதைத்தான் அதிகம் நம்புவாள். புவனேசன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். காரோடு சேர்த்து அவனை வேலைக்கு எடுத்தாள். வாய் இலவசம்.

“மறதின்னு ஒண்ணு கிடையாது புவன். மனசுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்காங்க. ஒருத்தர் வாசல்ல உக்காந்து வர்றவங்ககிட்ட எல்லாம் நல்லாப் பேசுவாரு. இன்னொருத்தர் அடுப்படியில இருப்பாரு. பேசவே மாட்டாரு, ஆனா வீட்ட நடத்துறது அவருதான்.”

“எங்க வீட்ல அது எங்கம்மா.”

லாரி ஒதுங்கியது. கார் தோட்டத்து மண் சாலையில் இறங்கியது.

வழக்கு சின்னதுதான், ஆனால் நேரம் அதைவிடச் சின்னது. புக்கிட் தெராத்தாய் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். தோட்டத்து மாரியம்மனை நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் செமிலிங்கில் உள்ள பெரிய கோயிலுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. நேற்று காலை கமிட்டி நகைப் பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்லாம் இருக்கிறது, அம்மன் தாலியைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று கோயில் தலைவர் முருகையாவிடம், மற்றது கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றும் இராசாத்தியிடம். தலைவரை யார் சந்தேகப்படுவார்கள்? ஊர் நேராக இராசாத்தி வீட்டுக்குப் போய், அக்கம்பக்கம் பார்க்க அவள் அரிசி டின்னைத் தரையில் கொட்டித் தேடியது. அரிசிதான் கிடைத்தது. இன்று ஐந்து மணிக்குள் தாலி வராவிட்டால் அவள் பெயரில் போலீசில் ரிப்போர்ட் என்று கமிட்டிச் செயலாளர் காளிதாசன் சொல்லிவிட்டார். ஐம்பது வருஷமாக ஒரே தோட்டத்தில் வாழ்ந்தவள், திருடி என்ற பேரோடு அதை விட்டுப் போக வேண்டும்.

எவலினைக் கூப்பிட்டது முருகையா.

அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி இரண்டே முக்கால். எழுபது வயது. நிமிர்ந்த உடம்பு, மடித்துக் கட்டிய கைலி, இடுப்பில் சாவிக்கொத்து. அவரே மூன்று கோப்பையில் தே கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

“இராசாத்தி எடுத்திருக்க மாட்டாம்மா. இருவது வருஷம் அடுத்தடுத்த நிரையில ரப்பர் மரம் சீவுனோம். என் பேச்ச கமிட்டில எவன் கேக்குறான்? நீங்கதான் கண்டுபுடிச்சுக் குடுக்கணும்.”

“தாலிய கடைசியா யாருண்ணே பாத்தது?” என்றாள் எவலின்.

“நான்தான். புதன்கிழம மத்தியானம். புது எடத்துக்குப் போறாளே, பளிச்சுன்னு போகட்டும்னு புளி போட்டுத் தேச்சேன். மஞ்சத் துணில முடிஞ்சு, பெட்டில வச்சுப் பூட்டுனேன்.”

“வச்சது ஞாபகம் இருக்கா? பூட்டுனது ஞாபகம் இருக்கா?”

முருகையா யோசித்தார். “பூட்டுனது நல்லா ஞாபகம் இருக்கு. பூட்டுனா வச்சுத்தானம்மா இருப்பேன்!”

“நியாயம்தான்,” என்றான் புவனேசன். தே அருமையாக இருந்ததால் அவன் அன்று யாரையும் சந்தேகப்படும் நிலையில் இல்லை.

தூரத்தில் இடி உருண்டது. முருகையா பேசிக்கொண்டே இருந்தார். தோட்டம் கைமாறிய கதை, கமிட்டிக் கூட்டத்தின் கதை. அம்மனைக் கொண்டுபோகச் சம்மதம் கேட்டபோது முதலில் கை தூக்கியது தான்தான் என்றார். காலம் மாறும்போது நாமும் மாற வேண்டும், பிடிவாதம் பிடித்தால் இடிக்கிற இயந்திரம் வந்து நிற்கும் என்றார். நல்ல தெளிவான பேச்சு. பேசப் பேச அவர் கை நீண்டு, புவனேசனின் பாதி தே இருந்த கோப்பையை எடுத்து, வாசலில் கொட்டி, மேசை மேல் கவிழ்த்து வைத்தது. அடுத்து எவலினின் கோப்பை. அடுத்து அவருடையது. மூன்றும் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

புவனேசன் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் எவலின் அவன் காலை மிதித்தாள்.

“தூக்கம் எப்படிண்ணே?” என்று கேட்டாள் அவள்.

“அது எங்கம்மா வருது! தெனமும் ஒரே கனா. மழ வருது. மரத்துல கட்டுன மங்குல எல்லாம் ரப்பர் பால் தளும்புது. நான் நிரையில ஓடுறேன். என் நிரை இருநூத்திப் பன்னெண்டு மரம். ஒவ்வொண்ணா பால் எடுத்து, மங்க கவுத்து, இருநூத்திப் பதினொண்ணு முடிஞ்சிரும். கடைசி மரம் மட்டும் காணோம். தேடித் தேடி ஓடுறேன். ஐயோ, நனையுதே நனையுதேன்னு கத்திக்கிட்டே முழிச்சிர்றேன்.”

“எத்தன நாளா?”

“வியாழக்கிழம காலைல பிரஷர் பாக்கப் போனப்ப நர்ஸ்கிட்ட சொன்னேன். அப்ப புதன் ராத்திரிதான் மொத தடவ.”

எவலின் எழுந்துகொண்டாள். “கோயிலுக்குப் போலாம்ண்ணே. நீங்களும் வாங்க.”

முருகையா சட்டை மாட்ட உள்ளே போனதும் புவனேசன் பொங்கினான். “அக்கா, பாதி தே! அதுல கெட்டிப்பால் எல்லாம் அடியில இருந்துச்சு!”

“அவரு கை என்ன பண்ணுச்சுன்னு பாத்தியா?”

“பாத்தேன்லா. என் தேய கொல பண்ணுச்சு.”

“மழ வருதுன்னா மங்க கவுக்கணும். முப்பது வருஷம் கவுத்த கை. மரம் போச்சு, வேல போச்சு, கைக்கு இன்னும் யாரும் சொல்லல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “இத கேளு. தாலி காணோம்னு ஊருக்குத் தெரிஞ்சது என்னிக்கு?”

“நேத்து. வெள்ளிக்கிழம.”

“எதையோ மழையில விட்டுட்டு வந்துட்டோம்னு அவருக்குக் கனவு வந்தது?”

புவனேசன் விரல் விட்டு எண்ணினான். எண்ணியவன் அப்படியே நின்றான். “புதன்கிழம. அலாமாக்! ஊருக்குத் தெரியுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கனவுக்கு நியூஸ் வந்திருச்சா! அப்ப தலைவர்தான் திருடனா? திருடிட்டு நம்மளயே வேலைக்கு வச்சிருக்காரு. நல்ல மரியாதையான திருடன்கா.”

“திருடன் நம்மளக் கூப்பிட மாட்டான். தெரியாதவருதான் கூப்பிடுவாரு. அடுப்படியில இருக்குறவரு செஞ்ச வேல வாசல்ல இருக்குறவருக்குத் தெரியாது.”

கோயில் செம்பனைக்கு நடுவே இருந்தது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்தான். எல்லாவற்றையும் வெட்டி எறிந்து இருபது வருஷம் ஆகிறது. கோயில் மணியைத் தொங்கவிட்டிருந்ததால் பின்புறம் ஒரே ஒரு ரப்பர் மரம் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

வானம் நன்றாகக் கறுத்திருந்தது. புவனேசன் இறங்கி, காரைச் சுற்றி வந்து ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றினான். லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம், அதற்கெல்லாம் அவன் யோசிப்பதில்லை.

இராசாத்தி கூட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்து நான்கு வயது, ஒடிசலான உடம்பு, முகத்தில் அழுத தடம்கூட இல்லை. நாளைக்குக் காலியாகப் போகும் கோயில், ஐந்து மணிக்குத் தன்மேல் ரிப்போர்ட், இருந்தும் சோற்றைப் போட்டு அள்ளிச் சாப்பிடலாம் போல அந்த வாசலைப் பெருக்கி வைத்திருந்தாள். புவனேசனுக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“நான் எடுக்கல,” என்றாள் அவள், யாரும் கேட்பதற்கு முன்பே. “வேற ஒண்ணும் கேக்காதீங்க.”

எவலின் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் விபூதி வைக்கும் பலகையைப் பார்த்தாள். ரப்பர் பால் பிடித்த பழைய பீங்கான் மங்குகளைத்தான் அந்தக் கோயிலில் விபூதிக்கும் குங்குமத்துக்கும் கிண்ணமாக வைத்திருந்தார்கள். ஐந்து மங்குகள் இருந்தன. ஆறாவதற்கு, விபூதித் தூளில் ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது.

“தாலி மட்டும் போகல. தொணைக்கு ஒரு மங்கும் போயிருக்கு,” என்று முணுமுணுத்தாள்.

“மங்க எவன்கா திருடுவான்? பாசார் சந்தையில வித்தா ஒரு பாக்கெட் நாசி லெமாக் சோறுகூடக் கிடைக்காது.”

“அதான் திருட்டு இல்லங்கறேன்.”

புவனேசனின் போன் அடித்தது. காளிதாசன். “நாலு மணி ஆகப்போகுது. என்னா ஆச்சு? அஞ்சு அடிச்சா நான் போலீஸ் பாலாய்ல நிப்பேன், சொல்லிட்டேன்.”

“அண்ணே, அங்க காத்தாடி ஓடலயாம், கொஞ்சம் லேட்டாவே போங்க,” என்று சொல்லிவிட்டு அணைத்தான்.

பிறகு கால் போன போக்கில் கோயிலைச் சுற்றி வந்தவன், மணி தொங்கிய ரப்பர் மரத்தடியில் சரக் சரக்கென்று காய்ந்த இலையில் மிதித்தான். கணுக்கால் வரை இலை.

“என்னாக்கா, எல்லா எடமும் கண்ணாடி மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் வெளக்கமாத்துக்கு லீவா?” என்று இராசாத்தியைப் பார்த்துக் கத்தினான். வேடிக்கைக்குத்தான் சொன்னான்.

முன் வாசலில் ஒரு சத்தம் நின்றது. அதுவரை சீராக வந்துகொண்டிருந்த விளக்குமாற்றுச் சத்தம்.

கோயில் படியில் நின்ற எவலின் அந்த நிசப்தத்தைக் கேட்டாள். இலையைப் பார்த்தாள். மூன்று நாள் இலை இருக்கும். மரத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு முருகையாவை அழைத்தாள்.

“அண்ணே, இங்க காத்து நல்லா இருக்கு. வாங்க, இந்த மரத்தடியில நின்னு பேசலாம். இத கொஞ்சம் வச்சிருங்க, செருப்பப் போட்டுக்கறேன்.”

அவர் கையில் அவள் கொடுத்தது தன் ஜெபமாலை வைத்திருந்த சிறு துணிப்பை. முருகையா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். புவனேசன் புருவத்தைத் தூக்கினான். எவலின் வீட்டுக்கூரை பற்றி எரிந்தாலும் அந்தப் பையை இன்னொருவரிடம் கொடுக்கிறவள் அல்ல.

“அன்னிக்குக் கமிட்டிக் கூட்டத்துல என்னா பேசுனீங்க? திரும்பச் சொல்லுங்களேன்.”

கேட்டால் போதாதா? முருகையா ஆரம்பித்தார். யார் யார் வந்தார்கள், யார் முறைத்தார்கள், செமிலிங் கோயிலில் அம்மனுக்கு எவ்வளவு நல்ல இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எவலின் ஊம் கொட்டினாள். காற்று எழுந்தது. செம்பனை மட்டைகள் சலசலத்தன.

இடி விழுந்தது. இந்த முறை பக்கத்தில்.

“காலம் மாறுதும்மா, நம்ம வசதிக்கு அது நிக்காது…” என்று பேசிக்கொண்டே முருகையா இடுப்பிலிருந்து பையை எடுத்தார். பேச்சு நிற்கவில்லை. கால் இரண்டு எட்டு வைத்தது. மரத்தின் மறுபக்கம், தோள் உயரத்தில், ஒரு பொந்து. கை பார்க்காமலே அதற்குள் போனது. “…அதனாலதான் மொத ஆளா நான் கை தூக்குனே…”

பேச்சு நின்றது.

பொந்துக்குள் அவர் கை எதையோ தொட்டிருந்தது. வழுவழுப்பான எதையோ. அவர் திரும்பி எவலினைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தைப் புவனேசன் அதற்குமுன் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

“எடுங்கண்ணே,” என்றாள் எவலின் மெதுவாக. “ஒண்ணும் இல்ல. எடுங்க.”

முதலில் ஆறாவது மங்கு வந்தது. அதற்கு அடியில் மஞ்சள் துணி முடிச்சு. ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், வைத்தது வைத்தபடி.

“இது… இது என் மரம்,” என்றார் முருகையா. குரல் உடைந்திருந்தது. “என் நிரையில கடைசி மரம். மழ வந்தா வெத்தலப் பைய இதுலதான் வைப்பேன். மங்க கவுத்து மூடிட்டுத்தான் பால் எடுக்க ஓடுவேன். மணி கட்டுன பெறகு இது என் மரம்ங்கறதே… நான்… சாமி சத்தியமா எனக்குத் தெரியாதும்மா!”

“தெரியும்ண்ணே. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.”

“கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு டிடெக்டிவ் வச்ச ஆளு நீங்கதான்ண்ணே,” என்றான் புவனேசன்.

விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். எவலின் நினைக்கவில்லை. அவள் திரும்பி முன் வாசலைப் பார்த்தாள். இராசாத்தி விளக்குமாற்றைப் பிடித்தபடி சுவரோரமாக நின்றிருந்தாள்.

“அக்கா, நீங்க மூணு நாளா இந்த எடத்தக் கூட்டல. உங்களுக்கே தெரியாம உங்க கை இங்க வர மாட்டேன்னிருச்சு. நீங்க பாத்தீங்கதானே?”

இராசாத்தி நேராக முருகையாவிடம் சொன்னாள்.

“பாத்தேன்ண்ணே. புதன்கிழம இடி இடிச்சுது. நீங்க எந்திரிச்சுப் போனீங்க, வச்சீங்க, கவுத்தீங்க. திரும்பி வந்து தாலி இல்லாத பெட்டியப் பூட்டுனீங்க. கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். அப்புறம் கூப்பிடல.”

“ஏன் தங்கச்சி?”

“தாலி இல்லாம அவள எப்படிக் கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன்.”

“அரிசி டின்ன கொட்டுனாங்களே! அப்பயாச்சும் சொல்லியிருக்கலாமே! போலீசுக்குப் போறேன்னானே!”

“சொன்னா உங்களத் திருடன்னுவாங்க. தலைவர்னு இத்தன வருஷம் மரியாதயா இருந்துட்டீங்க.” அவள் முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள். “கூட்டத்துல நீங்க கை தூக்குனப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. அதே கைதானேண்ணே இத ஒளிச்சு வச்சுது? ரெண்டாவது தடவ அது சொன்னதத்தான் நான் நம்புனேன்.”

முருகையா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாலி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு, எழுபது வயது மனிதர், வெட்கமில்லாமல் அழுதார். இராசாத்தி பக்கத்தில் வந்து, மூன்று நாளாகக் கூட்டாத இலையை விளக்குமாற்றால் மெல்ல ஒதுக்க ஆரம்பித்தாள்.

நான்கே முக்காலுக்கு அவர் காளிதாசனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“காளிதாசா, பாலாய்க்குப் போகாத. தாலிய நான்தான் எடுத்து மறச்சு வச்சேன்.”

“வயசாச்சுல்லண்ணே, மறந்திருப்பீங்க. பரவால்ல, மறதின்னு சொல்லிக்கலாம். நாளைக்கு ஏற்பாட்டப் பாப்போம்,” என்றார் காளிதாசன்.

நல்ல வழிதான். கௌரவமாகத் தப்பித்துக்கொள்ளலாம். முருகையா எவலினைப் பார்த்தார்.

“மறதி இல்ல காளிதாசா. எனக்கு மனசு வரல. அதான் நடந்தது. எல்லாருக்கும் அப்படியே சொல்லு.” அவர் மூக்கை உறிஞ்சினார். “மொதல்ல கமிட்டி மொத்தமும் இராசாத்தி வீட்டுக்கு வரணும். அரிசியக் கொட்டுன கையெல்லாம் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும், மொதல்ல நான். அப்புறம் கூட்டத்தத் திரும்பப் போடு. அம்மனுக்கு இங்கயே ஒரு துண்டு நெலம் கேட்டுப் பாப்போம். கெடைக்குதோ இல்லயோ, இந்தத் தடவ நான் கை தூக்க மாட்டேன்.”

முதல் துளிகள் விழுந்தன. இராசாத்தி தாலியை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோனாள். முருகையா மங்கைக் கழுவிப் பலகையில் அதன் வட்டத் தடத்தில், வாய் மேலே பார்க்க வைத்தார். இடி இடித்தது. கை ஒரு கணம் துடித்து, நின்றுவிட்டது.

மழை வலுத்த பிறகுதான் எவலினும் புவனேசனும் காருக்கு ஓடினார்கள்.

“நாளைக்கே என் மனசுக்குள்ள அடுப்படியில யாரு இருக்கான்னு எட்டிப் பாக்கணும்கா,” என்று தலையைத் துவட்டியபடி சொன்னான் அவன். “இருந்தா ஒரு தே கேக்கணும். மத்தியானத்து கடன் பாக்கி இருக்கு.”

“நாளைக்கு எதுக்கு? இப்பவே பாரு,” என்றாள் எவலின், பின் சீட்டைக் காட்டி.

திரும்பிப் பார்த்தான். கோயில் வாசலில் அவன் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து ஏற்றிய கண்ணாடிகள் மூன்றும் இறுக்கமாக மூடியிருந்தன. பின்னால், இடது பக்கத்து ஒன்று மட்டும் முழுசாகத் திறந்து கிடந்தது. பினாங்குக்குப் போக வேண்டிய உறை சீட்டோடு ஒட்டி ஊறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த அவன் கையெழுத்து நீல மையாகக் கரைந்து உறைக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது.

புவனேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கண்ணாடிய ஏத்தட்டுமா?” என்றாள் எவலின்.

“இருக்கட்டும்கா,” என்று சொல்லிவிட்டு அவன் பெடோங் பக்கமாகக் காரைத் திருப்பினான்.